கையில் அடங்கும் கோபுரம்: இந்த விளையாட்டை வாங்கலாமா?

மாணவர்களே, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்திருப்பதுபோல் எடுத்த படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்களே ஒன்று எடுத்தும் இருக்கலாம். கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். அதிலிருந்து சுமார் 4.5 கிலோமீட்டர் தள்ளி நில்லுங்கள். கண்ணிலிருந்து 50 சென்டிமீட்டர் தூரத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 5 சென்டிமீட்டர் விரித்துப் பிடியுங்கள். கோபுரம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

இப்போது ஒரு கற்பனை. விரல்களை மூடி, கோபுரத்தை அப்படியே எடுத்து உங்கள் மேசைமேல் வைக்க முடிந்தால்? கண்ணுக்குத் தெரிந்த அதே 5 சென்டிமீட்டர் அளவில் அது மேசையில் நின்றால்?

‘சூப்பர்லிமினல்’ என்ற கணினி விளையாட்டு இந்த ஒரே கற்பனையின்மேல் கட்டப்பட்டது. பில்லோ காசல் என்ற சிறிய குழு உருவாக்கி, 2019இல் முதலில் வெளிவந்தது. இதில் துப்பாக்கி இல்லை, எதிரிகளும் இல்லை. நீங்கள் ஒரு கனவுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பாத்திரத்தின் கண்வழியே அறைகளைப் பார்த்து, வெளியேறும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். தீபாவளி அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்திருக்கும் நீங்கள் இதை வாங்கலாமா? அறிவியல் முறைப்படியே ஆராய்ந்து பார்ப்போம்.

விளையாட்டின் ஒரே விதி

ஒரு பொருளை நீங்கள் கையில் எடுத்தால், அது திரையில் எந்த அளவில் தெரிந்ததோ அதே அளவில் தெரிந்துகொண்டே இருக்கும். தூரத்துச் சுவரைப் பார்த்தபடி அதை விட்டுவிட்டால், அது அந்தச் சுவர் அருகே போய் நிற்கும். ஆனால் உங்கள் பார்வைக்கு அதன் அளவு மாறக்கூடாது அல்லவா? அதனால் அது உண்மையிலேயே பெரிதாகிவிடும். காலடியைப் பார்த்தபடி விட்டால் சிறிதாகிவிடும். ஒரு சீஸ் துண்டைப் பெரிதாக்கி, அதன் சரிவில் ஏறி உயரமான வாசலை அடையலாம்.

இதன் பின்னால் இருப்பது நீங்கள் கணிதப் பாடத்தில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தான். கண்ணை உச்சியாக வைத்து, கையிலுள்ள பொருளுக்கு ஒரு முக்கோணமும் சுவர் அருகே உள்ள பொருளுக்கு ஒரு முக்கோணமும் வரைந்து பாருங்கள். இரண்டுக்கும் உச்சிக்கோணம் ஒன்றே. எனவே தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, உயரமும் அத்தனை மடங்கு கூடும்.

கண்ணிலிருந்து 0.5 மீட்டரில் 10 சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்றைப் பிடித்திருக்கிறீர்கள். அதை 10 மீட்டர் தூரத்துக்கு அனுப்புகிறீர்கள். தூரம் 20 மடங்கு கூடியது. பக்கமும் 20 மடங்காகி 2 மீட்டர் ஆகும். ஆனால் அதன் ஒரு முகத்தின் பரப்பளவு 20 × 20 = 400 மடங்கு; கன அளவு 20 × 20 × 20 = 8,000 மடங்கு! அது 600 கிராம் மரக்கட்டையாக இருந்திருந்தால், இப்போது அதன் பொருண்மை 4,800 கிலோகிராம். விளையாட்டில் இதை ஒற்றைச் சொடுக்கில் செய்துவிடலாம். நிஜ உலகில் பொருள் எங்கிருந்தும் முளைக்காது என்பதால் அது நடக்காது.

செய்து பாருங்கள்: 50 காசும் முழுநிலவும்

பணம் செலவழிக்காமல் இந்த விதியை இன்றே சோதிக்கலாம். நிலா தெரியும் இரவில், ஒரு 50 சென் நாணயத்தைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாணயம் நிலாவை மறைக்கும்படி நின்று, மெதுவாகப் பின்னால் நகருங்கள். நாணயம் நிலாவைச் சரியாக மூடும் இடம் எது?

கணக்குப் போடுவோம். நிலாவின் விட்டம் சுமார் 3,474 கிலோமீட்டர். சராசரித் தூரம் 384,400 கிலோமீட்டர். அதாவது, நிலா தன் விட்டத்தைப்போல் ஏறக்குறைய 110 மடங்கு தூரத்தில் இருக்கிறது. நாணயத்தின் விட்டம் 22.65 மில்லிமீட்டர். அதை 110ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.5 மீட்டர். அங்கே நின்றால் இரண்டும் ஒரே அளவு! கையை நீட்டிப் பிடித்தாலோ நாணயம் நிலாவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். எச்சரிக்கை: இதைச் சூரியனை வைத்து ஒருபோதும் செய்யாதீர்கள், கண் பாதிக்கப்படும்.

மூளை ஏன் ஏமாறுகிறது?

உங்கள் நண்பர் 4 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்கு நடந்து போனால், உங்கள் விழித்திரையில் அவரது உருவம் பாதியாகிறது. ஆனால் நண்பர் குள்ளமாகிவிட்டார் என்று நீங்கள் நினைப்பதில்லை. தூரத்தைக் கணக்கில் எடுத்து, மூளை அளவைத் திருத்திக்கொள்கிறது.

தூரத்தை அறிய மூளைக்குப் பல தடயங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது, இரண்டு கண்களும் சற்று வேறுபட்ட இரு படங்களை அனுப்புவது. கணினித் திரையில் இந்தத் தடயம் கிடைக்காது. ஒரே கேமரா எடுத்தது போன்ற தட்டையான படம்தான் இரண்டு கண்களுக்கும் வருகிறது. ஆகவே மூளை நிழல், கோடுகள் குவியும் விதம், ஒன்றை ஒன்று மறைப்பது ஆகியவற்றை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. விளையாட்டை உருவாக்கியவர்கள் இந்தத் தடயங்களோடுதான் விளையாடுகிறார்கள். நாணயச் சோதனையில் ஒரு கண்ணை மூடச் சொன்னதன் காரணமும் இப்போது புரிந்திருக்கும்.

மணிக்கு எவ்வளவு?

இப்போது பணத்துக்கு வருவோம். பலரும் போடும் கணக்கு இது: விலையை விளையாடும் நேரத்தால் வகுப்பது. விலை 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். உண்மை விலையைக் கடையில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். சூப்பர்லிமினல் குறுகிய விளையாட்டு. பெரும்பாலோர் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவர். 3 மணி என்றால் மணிக்கு 13 ரிங்கிட் 33 சென். அதே சமயம் 200 ரிங்கிட் கொடுத்து வாங்கும் காற்பந்து விளையாட்டை 100 மணி நேரம் ஆடினால் மணிக்கு 2 ரிங்கிட்தான். இந்தக் கணக்கில் புதிர் விளையாட்டு படுதோல்வி அடைகிறது.

ஆனால் வகுக்கும் எண் சரியானதா? இப்படிக் கணக்குப் போட்டால், மிக நீளமான திரைப்படமே மிகச் சிறந்த திரைப்படம் என்றாகிவிடும். நேரத்தை அளப்பது எளிது. அதனால்தான் அதை அளக்கிறோம். புதிர் விளையாட்டில் நாம் வாங்குவது நேரத்தை அல்ல, ‘அட, இப்படியும் பார்க்கலாமா!’ என்று தோன்றும் கணங்களை. அவற்றை எண்ணுவது கடினம் என்பதற்காக மறந்துவிடக் கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாட்டி போடும் விடுகதையை நினைத்துப் பாருங்கள். விடை தெரிந்த பிறகு அது விடுகதையே அல்ல. புதிர் விளையாட்டும் அப்படித்தான். காற்பந்து விளையாட்டை ஆயிரம் முறை ஆடலாம். இதன் வியப்பு முதல் முறைக்கு மட்டுமே. ‘வாங்கலாமா’ என்று அறிய முழுக் காணொளியையும் பார்த்துவிட்டால், வாங்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. முதல் பத்து நிமிடங்களை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் நான்கு சோதனைகள்

1. உடல். கண்வழிப் பார்வை விளையாட்டுகளில் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். ‘நகர்கிறாய்’ என்று கண் சொல்கிறது. ‘அசையாமல் உட்கார்ந்திருக்கிறாய்’ என்று உட்செவி சொல்கிறது. இந்த முரண்பாடுதான் காரணம். காரில் புத்தகம் படித்தால் வருவதும் இதே வகைத் தொல்லை. அங்கே முரண்பாடு தலைகீழ். உங்களுக்கு அப்படி வருமானால், திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள், அறை விளக்கைப் போடுங்கள், அடிக்கடி ஓய்வெடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் இந்த விளையாட்டு உங்களுக்கு ஏற்றதல்ல.

2. கணினி. விற்பனைப் பக்கத்தில் குறைந்தபட்சத் தேவைகள் இருக்கும். உங்கள் கணினியின் நினைவகம், வரைகலை அட்டை ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள்.

3. திருப்பித் தரும் விதி. ஸ்டீம் கடையில் வாங்கினால், 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் அரை மணி நேரத்திலேயே உடலும் கணினியும் ஒத்துழைக்கின்றனவா என்று தெரிந்துவிடும். குறுகிய விளையாட்டை ஏறக்குறைய முடித்துவிட்டுத் திருப்பித் தருவது வேறு விஷயம். அது சாப்பிட்டு முடித்த தட்டைக் காட்டிப் பணம் கேட்பது போன்றது. வங்கி அட்டையைப் பயன்படுத்தும் முன் பெற்றோரிடம் கேட்பதும் இந்தச் சோதனையில் அடக்கம்.

4. சுவை. வாரக்கணக்கில் நண்பர்களோடு சேர்ந்து ஆட வேண்டுமா? அப்படியானால் இது வேண்டாம். கதையில் இருண்ட கட்டடம் ஒன்று வரும். யாரும் தாக்கமாட்டார்கள் என்றாலும் தம்பி தங்கைகள் பயப்படலாம்.

இன்னொன்றோடு ஒப்பிடுங்கள்

ஒரே பொருளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2007இல் வந்த ‘போர்ட்டல்’ இதே வகைப் புதிர். அதில் சுவரில் இரண்டு வாசல்களைத் திறக்கலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளிவருவீர்கள். உயரத்திலிருந்து விழுந்து ஒரு வாசலுக்குள் போனால், அதே வேகத்தில் மற்றொரு வாசலிலிருந்து பாய்வீர்கள். 5 மீட்டர் விழுந்தால் வேகம் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர். திசை மட்டும் மாறும். அமெரிக்காவில் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005இல் வெளியிட்ட ‘நார்பாகுலர் டிராப்’ என்ற இலவச விளையாட்டுதான் அதன் முன்னோடி. அந்த மாணவர்களையே வால்வ் நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. இயக்கவியல் பிடிக்கும் என்றால் போர்ட்டல். ஒளியும் பார்வையும் பிடிக்கும் என்றால் சூப்பர்லிமினல்.

முடிவு

நான்கு சோதனைகளிலும் தேறினால் வாங்கலாம். அவசரம் வேண்டாம், இத்தகைய விளையாட்டுகளுக்கு அவ்வப்போது விலைக்கழிவு கிடைக்கும். காத்திருப்பதால் புதிர் பழசாகிவிடாது. வாங்கினால் அவசரப்பட்டு விடையைத் தேடாமல், மாட்டிக்கொண்ட அறையில் சற்று நேரம் மாட்டிக்கொண்டே இருங்கள். நீங்கள் கொடுத்த பணத்தின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. வாங்காவிட்டாலும் நட்டமில்லை. சன்னலில் ஒட்டிய அந்த 50 சென் நாணயம் பாதிப் பாடத்தைச் சொல்லிவிட்டது. நாணயமும் உங்களிடமே இருக்கிறது.

சிந்தனைக்கு: கண்ணிலிருந்து 30 சென்டிமீட்டரில் 4 சென்டிமீட்டர் நீளமும் 20 கிராம் பொருண்மையும் கொண்ட அழிப்பானைப் பிடித்திருக்கிறீர்கள். சூப்பர்லிமினல் விதிப்படி அதை 3 மீட்டர் தூரத்தில் விட்டால், அதன் நீளமும் பொருண்மையும் என்னவாகும்?

விடை: தூரம் 10 மடங்கு, எனவே நீளம் 40 சென்டிமீட்டர். கன அளவு 1,000 மடங்கு. எனவே பொருண்மை 20 கிலோகிராம்.