ஏல அறிவித்தல் வந்துவிட்டால் வீடு போனது போனதுதானா?

2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி தன் கடன் வசதி வீதத்தை ஒரே நாளில் 7.50 இலிருந்து 14.50 சதவீதத்துக்கு ஏற்றியது. கண்டி மாவட்டத்தில் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, கம்பளைப் பக்கங்களில் மாறும் வட்டிக்குக் கடன் எடுத்து வீடு கட்டியவர்களும், வீட்டை ஈடு வைத்துக் கடை நடத்தியவர்களும் அன்று பட்ட அடியிலிருந்து எல்லோரும் எழும்பிவிடவில்லை. அவர்கள் காதில் விழும் சில நம்பிக்கைகள் கடனை விடவும் கேடானவை.

“பதிவுத் தபாலைக் கையெழுத்திட்டு வாங்காவிட்டால் ஏலம் போட முடியாது.” இது உண்மையல்ல. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி, அதாவது நாம் பராட்டே என்று சொல்லும் முறையில், வங்கி வழக்கே போடாமல் ஈட்டுச் சொத்தை விற்கலாம். பணிப்பாளர் சபையின் தீர்மானம் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வரும். பிரதி உங்களுக்குத் தபாலில் வரும். தபாலைத் திருப்பி அனுப்பினால் ஏலம் நிற்காது, ஏலத் திகதி உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

“பராட்டேயை அரசாங்கம் நிறுத்திவிட்டதே?” நிறுத்தியது, தற்காலிகமாக. 2024 இல் வந்த அந்த இடைநிறுத்தம் 2025 மார்ச் 31 உடன் முடிந்தது.

“50 இலட்சத்துக்குக் குறைந்த கடனென்றால் கை வைக்க மாட்டார்கள்.” பாதி உண்மை. முதல் தொகை 50 இலட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த 1990 சட்டத்தின் கீழ் பராட்டே ஏலம் இல்லை என்று 2011 திருத்தம் சொல்கிறது. ஆனால் வங்கி நீதிமன்றம் போகலாம். மக்கள் வங்கி, இலங்கை வங்கி போன்றவற்றுக்குத் தனிச் சட்டங்களும் உண்டு.

“அறிவித்தல் வந்த பிறகு பணம் கட்டியும் பயனில்லை.” பலரைக் கைகட்டி உட்கார வைப்பது இந்தப் பேச்சுதான். விற்பனைக்குக் குறித்த திகதிக்கு முன் நிலுவை முழுவதையும் செலவுகளோடு கட்டினால் சொத்தை விற்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. தவறிய தவணைகளை மட்டும் கட்டினாலும் விற்பனையை நிறுத்தப் பணிப்பாளர் சபைக்கு அதிகாரம் உண்டு. நிறுத்துவதும் விடுவதும் அவர்கள் விருப்பம். ஆகவே மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை வருமான ஆதாரத்தோடு எழுத்தில் கொடுத்து, மறுசீரமைப்புக் கேளுங்கள். முகாமையாளர் வாயால் சொன்ன சம்மதத்தை நம்பி இருந்துவிடாதீர்கள், கடிதமாக வாங்குங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. எந்த வழியும் இல்லையென்றால், வங்கியின் சம்மதத்தோடு நீங்களே ஆள் தேடி விற்பது ஏலத்தை விட நல்ல விலை தரக்கூடும். ஏலமே நடந்தாலும், கடனும் செலவும் போக மிஞ்சுவது உங்கள் காசு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது கடைசி நம்பிக்கை: “தெரிந்தவரிடம் உறுதியை எழுதிக் கொடுத்து வங்கிக் கடனை அடைத்துவிடலாம், பிறகு மீட்கலாம்.” நொத்தாரிசு முன் நீங்கள் கையெழுத்து வைப்பது பெரும்பாலும் ஈட்டுறுதி அல்ல, நிபந்தனை விற்பனை உறுதி. விலை என்று எழுதியிருப்பது வாங்கிய கடன் தொகை. வீட்டின் பெறுமதி அதைப் போல பல மடங்கு இருக்கும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ தவணை. அது தாண்டினால் ஏலமும் இல்லை, மிஞ்சிய காசும் இல்லை, வீடு அவருடையது. வங்கிக்குப் பயந்து ஓடியவர் வங்கியிடம் இருந்த பாதுகாப்பையும் இழந்து நிற்கிறார்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவர்கள் மீட்புத் தவணை முடியுமுன் கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1941 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த சபை அது; திகதி தாண்டிப் போனால் ஏற்க மாட்டார்கள். தாண்டிவிட்டதென்றால், உண்மையில் விற்கும் எண்ணமே இல்லை, அது கடனுக்கான பிணை மட்டுமே என்று நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வாதாட இடமுண்டு. அங்கே பேசுவது சின்னச் சின்னக் கடதாசிகள்: எழுதிய விலைக்கும் உண்மைப் பெறுமதிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் கடதாசி, வட்டி கொடுத்த பற்றுச்சீட்டு, எழுதிக் கொடுத்த பிறகும் உங்கள் பெயரில் கட்டிய சோலைவரி, மின்கட்டணம். ஒன்றையும் எறியாதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால், கண்டியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கு அந்தக் கடதாசிக் கட்டோடும் உறுதியின் பிரதியோடும் போங்கள்.