பெருவிரல் வலியும் கருஞ்சீரகமும்

அத்தஹிய்யாத்தில் அமரும்போது வலக்கால் விரல்களைக் கிப்லாவை நோக்கி மடக்குகிறோம். ஒருநாள் பெருவிரல் சிவந்து வீங்கி, மடக்கவே முடியாமல் போகிறது. இரத்தத்தைச் சோதித்த டாக்டர், யூரிக் அமிலம் கூடியிருக்கிறது என்கிறார். யூனானி ஹகீம்கள் 'நிக்ரிஸ்' என்றழைக்கும் நோய் இது.

உடனே நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "கருஞ்சீரகம் இருக்க மாத்திரை எதற்கு?" மரணம் நீங்கலாக எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டென நபி (ஸல்) அவர்கள் அருளியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உள்ளது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள், சொல் பொதுவாயினும் கருத்து ஈரத்தன்மையால் வரும் நோய்களையே குறிக்கும் என்று விளக்கினார்கள். ஆகவே, மாத்திரையை நிறுத்துவது ஈமானின் அடையாளம் ஆகாது.

விதை வைத்தியத்தை நாம் இகழவில்லை. இந்நோய்க்கு இன்றும் டாக்டர்கள் தரும் கால்ச்சிசின், ஹகீம்களின் சூரிஞ்சான் இனச் செடிகளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பதே. 1820ல் பிரான்ஸில் அதைப் பிரித்தெடுத்தனர். ஆயினும் அது வீக்கத்தையும் வலியையும் தணிக்குமே தவிர, யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. செடியில் விளைந்தது என்பதால் ஒன்று தீங்கற்றதாகி விடாது.

வலி நின்றதும் நோய் போயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. 100 மில்லி இரத்த நீரில் யூரிக் அமிலம் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் மூட்டுகளில் ஊசி போன்ற படிகங்கள் படியக்கூடும்; சிறுநீரகத்தில் கல்லும் உண்டாகலாம். நோயாளிக்கு அதை 6க்குக் கீழே கொண்டுவருவதே சிகிச்சையின் நோக்கம். கருஞ்சீரகமோ செலரி விதையோ இதைச் செய்து முடிக்கும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை.

எனவே, கருஞ்சீரகத்தை உணவோடு அளவாகச் சேர்ப்போம். அதை டாக்டரிடமும் சொல்வோம். ஈரல், ஆட்டிறைச்சியைக் குறைப்போம். நோன்புக் காலத்தில் இஃப்தார் முதல் ஸஹர் வரை தண்ணீரைப் போதுமான அளவு பருகுவோம். கால் மடங்காத நாட்களில் இயன்றவாறு அமர்ந்து தொழுவோம். மார்க்கம் சிரமத்தைச் சுமத்தவில்லை.

இன்னொன்று. வைத்தியம் அறியாதவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. அடுத்த வீட்டாரிடம் "மாத்திரையை விட்டுவிடுங்கள்" என்று சொல்லுமுன் இதை நினைவிற் கொள்வோமாக!

நிவாரணம் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. மருந்தும் அவன் படைத்ததே.