குழாய் எங்கே?

தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு முற்றம் என்று வைத்துக்கொள்வோம். (தாராவியில் ஏது முற்றம் என்று சிரிக்காதீர்கள்.) மண்ணுக்குள் தண்ணீர்க் குழாய். அதன் குறுக்கே சாக்கடை தோண்டுகிறார்கள். குழாய் உடைந்தால் குடிநீரில் சாக்கடை கலக்கும். காலராகூட வரலாம்.

குழாய், முற்றத்தின் தென்மேற்கு மூலையில் தொடங்குகிறது. கிழக்கே 1 அடி போனால் வடக்கேயும் 1 அடி போகிறது.

சாக்கடை, அதே மூலைக்கு வடக்கே 12 அடியில் தொடங்குகிறது. கிழக்கே 2 அடிக்கு 1 அடி தெற்கே வருகிறது.

கிழக்கே 4 அடியில் குழாய் வடக்கே 4, சாக்கடை 10.
6 அடியில் குழாய் 6, சாக்கடை 9.
8 அடியில்? இரண்டும் 8!

அங்கேதான் இரு கோடுகளும் வெட்டிக்கொள்கின்றன. பிரான்ஸ் நாட்டு தெகார்த் 1637-இல் எழுதிய நூலிலிருந்து வளர்ந்த கணக்கு இது.

அந்த இடத்தில் சுண்ணாம்பால் குறி போடுங்கள். கடப்பாரையை ஓரமாக வையுங்கள். மண்ணைக் கையால் அள்ளுங்கள்.