நிலக்கரியும் பழஞ்சதுப்பும்

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்நாட்டு எல்லையோரங்களில் நைஸ், சார்னோக்கைட் முதலான பாறைகளே மிகுதி. தரையில் தாவரங்கள் தோன்றுமுன்னரே, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானவை இவை. இப்பாறைகளில் நிலக்கரி தேடுவது வீண் செலவாகும்.

நிலக்கரி தோன்றத் தாவரம் மட்டும் இருந்தால் போதாது. மடிந்த மரமும் இலையும் மட்கி மறைந்துவிடாதபடி நீர் தேங்கி நின்று காற்றைத் தடுக்க வேண்டும். நிலமும் மெல்லத் தாழ்ந்துகொண்டே இருக்க வேண்டும். இவ்விரண்டும் வாய்த்தவை மலைகளுக்கு இருபுறமும் உள்ள கடலோரப் படிவுகளே: மேற்கே வர்க்கலைப் பகுதி, கிழக்கே நெய்வேலி. இவற்றுள் பெரும் படிவு நெய்வேலியினுடையது. மரத்தின் உருவம் சிதைந்த இடத்திலும் மகரந்தத் துகள்கள் அழியாமல் நிற்பதால், பூக்கும் தாவரங்கள் செழித்த பழஞ்சதுப்பை ஆய்வாளர் அங்கு இனங்காண்கின்றனர்.

ராணிகஞ்ச், ஜரியா நிலக்கரியின் வரலாறு வேறு. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பூக்கும் தாவரங்களே இல்லாத காலத்தில், குளோசாப்டெரிஸ் முதலியவற்றிலிருந்து அது உண்டாயிற்று. ஆறுகள் கொணர்ந்த வண்டலும் உடன் கலந்தமையால் இந்நாட்டுக் கோண்ட்வானா நிலக்கரியில் பொதுவாகச் சாம்பல் மிகுதி. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் சாம்பல் குறைவு. ஆனால் வயதில் இளையதாதலால் ஏறக்குறையப் பாதி எடை ஈரமே. அதைத் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி கொடுப்பதாகும். ஆகவேதான் 1956-இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பெற்ற பின், சுரங்கத்தை அடுத்தே அனல் மின் நிலையமும் எழுந்தது.