தலையால் முட்டும் பந்து: கோல் காவலர்கள் தரும் தடயம்

மாணவர்களே, கார்னரிலிருந்து உதைக்கப்பட்ட பந்து உங்களை நோக்கி உயர்ந்து வருகிறது. நீங்கள் எம்பிக் குதித்து, நெற்றியால் முட்டி வலைக்குள் அனுப்புகிறீர்கள். தலை வலிக்கவில்லை, மயக்கமும் இல்லை. அப்படியென்றால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியாகச் சொல்லலாமா?

விசை எவ்வளவு?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 0.43 கிலோகிராம் பொருண்மையுள்ள பந்து நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்து, உங்கள் நெற்றியில் பட்டு, நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் திரும்புகிறது என வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் திசைவேக மாற்றம் நொடிக்கு 25 மீட்டர். உந்த மாற்றம் 0.43 × 25 = 10.75. பந்து நெற்றியைத் தொட்ட நேரம் 0.015 நொடி என்றால், சராசரி விசை 10.75 ÷ 0.015, அதாவது ஏறத்தாழ 717 நியூட்டன். இது 73 கிலோகிராம் பொருண்மையுள்ள ஒருவரின் எடைக்குச் சமம்!

கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் இந்த விசையை மண்டை ஓடு தாங்கிக்கொள்கிறது. ஆனால் மூளை மென்மையானது. மண்டை ஓட்டுக்குள் திரவத்தில் மிதப்பது. தலை சட்டென்று அசையும்போது, நிலைமத்தின் காரணமாக மூளை சற்றுப் பின்தங்கியே நகர்கிறது. தலை சுழன்றால் மூளையில் உள்ள நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. தலைக்கவசம் மண்டை ஓட்டைக் காக்கலாம். உள்ளே மூளை அசைவதை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது.

ஆய்வுகள் காட்டுவது என்ன?

இங்கிலாந்துத் தேசியக் குழுவிலும் ஆடிய ஜெஃப் ஆஸில், பந்தைத் தலையால் முட்டுவதில் பெயர் பெற்றவர். முதுமை மறதி நோயால் பாதிக்கப்பட்டு, 2002இல் தமது 59ஆம் வயதில் காலமானார். பந்தைத் திரும்பத் திரும்பத் தலையால் முட்டியதால் வந்த தொழில்சார் நோயே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

ஒருவரின் கதையை மட்டும் வைத்து அறிவியல் முடிவெடுப்பதில்லை. ஆகவே, கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் காற்பந்தாட்டக்காரர்கள் 7,676 பேரைப் பொதுமக்கள் 23,028 பேருடன் ஒப்பிட்டார்கள். 2019இல் வெளியான முடிவு இது: மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு ஆட்டக்காரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு அதிகம். ஆனால் ‘மடங்கு’ என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். அந்நோய்களால் இறந்தவர்கள் ஆட்டக்காரர்களில் 1.7 விழுக்காடு, பொதுமக்களில் 0.5 விழுக்காடு. இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறந்தவர்கள் ஆட்டக்காரர்களிடையே குறைவு. ஓடியாடுவது உடலுக்கு நன்மை என்பதில் மாற்றமில்லை.

சரி, தலையால் முட்டுவதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? வேறு ஏதேனும் இருக்கலாமே! இங்கேதான் கோல் காவலர்கள் உதவுகிறார்கள். அவர்களும் அதே குழு, அதே திடல், அதே பயிற்சி. ஆனால் பந்தைக் கையால் பிடிப்பார்கள். தலையால் முட்டுவது மிக அரிது. அதே ஆய்வுக் குழு 2021இல் வெளியிட்ட முடிவில், கோல் காவலர்களின் ஆபத்து பொதுமக்களுடையதைப் போலவே இருந்தது. அடிக்கடி தலையால் முட்டும் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கோ அது சுமார் ஐந்து மடங்காக இருந்தது. சுவீடனில் 6,007 ஆட்டக்காரர்களிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்விலும் கோல் காவலர்களுக்குக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. இது இறுதிச் சான்று அல்ல. ஆனால் வலுவான தடயம்.

ஒரே ஒரு பயிற்சியில்கூட மாற்றம் தெரியலாம். ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வில், 20 முறை பந்தை முட்டிய உடனே ஆட்டக்காரர்களின் நினைவாற்றல் குறைந்தது. 24 மணி நேரத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பியது. பெரிய அடி எதுவும் படாமலே இந்த மாற்றம் ஏற்பட்டது. வலி இல்லை என்பதால் பாதிப்பும் இல்லை என்று ஆகாது.

நீங்கள் செய்யக்கூடியவை

அமெரிக்கக் காற்பந்துச் சங்கம் 2015இல், 10 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள சிறுவர்கள் பந்தைத் தலையால் முட்டத் தடை அறிவித்தது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 2020இல் தொடக்கப்பள்ளி வயதுச் சிறுவர்களின் பயிற்சியிலிருந்து அதை நீக்கின. ஆட்டத்தைவிடப் பயிற்சியில்தான் ஒரே செயலைப் பலமுறை செய்கிறோம். எனவே அங்கே குறைப்பது எளிது, பலனும் அதிகம்.

• பயிற்சியில் எத்தனை முறை முட்டுகிறீர்கள் என்று எண்ணுங்கள். குறைக்கும்படி பயிற்றுநரிடம் தயங்காமல் கேளுங்கள்.
• முறையைப் பழக இலேசான பந்தைப் பயன்படுத்துங்கள்.
• தலையில் அடிபட்டபின் தலைவலி, குமட்டல், தடுமாற்றம், மறதி ஏதேனும் தோன்றினால் உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை திடலில் இறங்காதீர்கள்.

சுளுக்கிய கால் வீங்கிக் காட்டிக்கொடுக்கும். மூளை அப்படிக் காட்டாது. காற்பந்தை விடவேண்டாம், முட்டும் எண்ணிக்கையைக் குறைத்தால் போதும்.

சிந்திக்க: மேலே உள்ள கணக்கில் பந்தின் வேகம் அப்படியே இருந்து, பொருண்மை மட்டும் பாதியானால் விசை எவ்வளவு குறையும்?