ஆயில் ஊற்றுவது பழுது பார்ப்பது ஆகாது
பவர் ஸ்டீயரிங் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை



வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிக்கொண்டு, "வண்டி ஓடுதுல்ல, போதும்" என்று இருப்பவர்கள் நம் தெருக்களில் உண்டு. பெட்ரோல், டீசல்போல இது செலவாகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. அளவு குறைகிறது என்றால் எங்கோ வெளியே போகிறது. போகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

நோயாளியை ஏற்றிக்கொண்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு நான்குவழிச் சாலையில் போகும்போது ஆயில் தீர்ந்தால், ஸ்டீயரிங் திடீரெனக் கல்லாய் இறுகும். திருப்பவே முடியாது என்றில்லை. ஆனால் முழு பலமும் வேண்டும். வயதானவரோ பெண்களோ ஓட்டினால் அந்த ஒரு நொடியே விபத்தாகிவிடும்.

முதலில் தெரியவேண்டியது

எல்லாக் கார்களிலும் இந்த ஆயில் கிடையாது. ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட் போன்றவற்றில் இருப்பது மின் மோட்டாரில் இயங்கும் பவர் ஸ்டீயரிங். அவற்றின் அடியில் எண்ணெய் சொட்டினால் அது வேறு பழுது. குவாலிஸ், பழைய இன்னோவா, டவேரா, பொலிரோ போன்ற வண்டிகளில்தான் ஆயில் ஸ்டீயரிங் உண்டு.

இதன் பாகங்கள் ஐந்து: ஆயில் டப்பா, இன்ஜின் பெல்ட்டில் சுழலும் பம்ப், அழுத்த ஹோஸ், சக்கரங்களைத் திருப்பும் ரேக், ஆயில் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸ். டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பவுண்டு சொச்சம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது அழுத்த ஹோஸில் 1,000 பவுண்டுக்கும் மேல் ஏறும்.

கண்டுபிடிக்கும் வழி

1. இரவில் வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை விரியுங்கள். சிவகாசியில் அச்சகக் கழிவு அட்டைக்குப் பஞ்சமில்லை. காலையில் கறையைப் பாருங்கள். கறுப்பு என்றால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். தண்ணீர்போல இருந்து பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிந்தால் ரேடியேட்டர் கூலன்ட். ஸ்டீயரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு, பழசானால் பழுப்பு, விரலில் வழவழக்கும்.

2. டப்பாவின் அளவுக் கோட்டைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆயிலில் நுரை இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. திருப்பும்போது 'ஙொய்' என்று முனகுவதும் அதே அடையாளம்.

3. இன்ஜின் ஆறிய பிறகு, ஹோஸ், பம்ப், ரேக் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம். கரிசல் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து அப்பிய வண்டியில் கசிவு எங்கே என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

4. நன்றாகக் காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவுங்கள். ஒருவர் இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இருபுறமும் மெதுவாகத் திருப்ப, மற்றவர் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். முழுதாக ஒடித்த நிலையில் ஐந்து நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. பவுடர் நனையும் இடங்களில் எது மேலே இருக்கிறதோ, அதுவே ஊற்றுக்கண். கீழே சொட்டும் இடம் வழிந்து வந்த இடம் மட்டுமே.

கவனம்: ஹோஸைக் கையால் தடவாதீர்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கைலி, துப்பட்டா நுனி பெல்ட் பக்கம் போகவேண்டாம்.

எங்கே கசிந்தால் என்ன செய்வது?

*ரிட்டர்ன் ஹோஸ்:* நம் ஊர் வெயிலில் ரப்பர் விறைத்து வெடிக்கும். ஹோஸும் கிளாம்பும் மாற்றினால் முடிந்தது. மிகக் குறைந்த செலவு.

*அழுத்த ஹோஸ்:* இணைப்பில் மட்டும் கசிந்தால் வாஷர் அல்லது ஓ-ரிங் போதும். ஹோஸே வெடித்திருந்தால் அதற்கென்றே செய்த ஹோஸ்தான் போடவேண்டும். சாதாரண ரப்பர் குழாயைச் செருகிக் கிளாம்ப் போட்டால் தெறித்துவிடும்.

*பம்ப்:* பெல்ட் சக்கரத்தின் பின்னால் ஈரமென்றால் ஆயில் சீல் போயிருக்கிறது. சீல் கிட் மாற்றலாம்.

*ரேக்:* இரு முனையிலும் உள்ள ரப்பர் பூட்டை அழுத்திப் பாருங்கள். உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் பழுது. இதுதான் பெரிய செலவு. ரேக்கைக் கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். பூட் கிழிந்தவுடனே மாற்றியிருந்தால், கரிசல் தூசி உள்ளே போய்த் தண்டைக் கீறியிருக்காது. இந்தச் செலவும் வந்திருக்காது.

"ரேக்கையே மாத்தணும்" என்று சொன்னால், "கழுவிவிட்டுக் கசியும் இடத்தைக் காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்படமாட்டார். கசிவை அடைப்பதாக விற்கும் மருந்து ஆயில் ரப்பரைக் கொஞ்ச நாள் ஊதவைக்கும், பழுதைத் தீர்க்காது.

ஆயில் நிரப்புதல்

வண்டியின் கையேட்டிலோ டப்பா மூடியிலோ எழுதியிருக்கும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். சீல்கள் எல்லாம் கெட்டுவிடும். முன்சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, இன்ஜின் ஓடாமலேயே ஸ்டீயரிங்கை இருபுறமும் பதினைந்து இருபது முறை மெதுவாகத் திருப்புங்கள். அளவு குறையக் குறைய ஊற்றுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, நுரை அடங்கும்வரை மீண்டும் திருப்புங்கள். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் அளவைப் பாருங்கள்.

நம் பகுதிக்கு ஒரு சொல்

இந்த ஆயில் தீப்பிடிக்கக்கூடியது. சூடான சைலன்சர் குழாயில் சொட்டினால் முதலில் புகையும். பிறகு எரியவும் செய்யும். கசியும் வண்டியைப் பட்டாசு ஆலைப் பக்கமோ, குடோன் பக்கமோ கொண்டுபோகாதீர்கள். பட்டாசுப் பெட்டியும் ஏற்றாதீர்கள். ஒரு ஹோஸ் மாற்றும் செலவை மிச்சம் பிடிக்க, அங்கே வேலை செய்யும் மக்களின் உயிரைப் பணயம் வைக்கலாமா?

இன்றிரவே ஓர் அட்டையை விரித்துப் பாருங்கள். காலையில் அது வெள்ளையாகவே இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். கறை இருந்தால், கசிவு சிறிதாக இருக்கும்போதே சரிசெய்துவிடுங்கள்.