பாம்பு முட்டைக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி

அமெரிக்காவில் பலர் வீட்டில் வளர்க்கும் விஷமற்ற கார்ன் ஸ்நேக்கின் முட்டை பொரிய 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் வெப்பமும் நல்ல ஈரப்பதமும் போதும். நம் ஊரில் பாம்பு முட்டையைப் பொரிக்கப் பார்க்க வேண்டாம். நாட்டுப் பாம்புகளுக்கு 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. முட்டையைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கார்ன் ஸ்நேக் வளர்ப்பவர்களுக்கான முறை இது. மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியில் நாலு விரற்கடை தண்ணீர் ஊற்றி, மீன் தொட்டி ஹீட்டரை முழுதும் மூழ்க வையுங்கள். தண்ணீருக்கு மேல் தலை நீட்டும் செங்கல்மீது முட்டை டப்பா. டப்பாவில் சிறு துளைகள் இரண்டு போதும். உள்ளே ஈர வெர்மிகுலைட் (ஈரம் தேக்கும் கனிமத் துகள்): கைப்பிடியில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. முட்டை வைக்கும் முன் ஒருநாள் ஓடவிட்டு, டப்பாவுக்குள்ளேயே வெப்பமானி வைத்துப் பாருங்கள். 32-ஐத் தாண்டினால் குட்டி ஊனமாகலாம், சாகவும் சாகலாம்.

மிக முக்கியம், முட்டையைப் புரட்டாதீர்கள். கோழிமுட்டையைத் திருப்பிவிட வேண்டும். பாம்பு முட்டையிலோ கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்வதால், திருப்பினால் மூழ்கிச் செத்துவிடும். எடுக்கும்போதே மேற்புறத்தில் பென்சிலால் குறியிடுங்கள். ஒட்டியிருப்பவற்றைப் பிரிக்க வேண்டாம்.

முட்டை குழிந்தால் ஓரமாக வெதுவெதுப்பான நீர் விடுங்கள், முட்டைமேல் படாமல். ஏறத்தாழ 60 நாளில் ஓட்டைக் கீறித் தலை நீட்டும் குட்டி, ஒரு நாளுக்கு மேலும் அப்படியே இருக்கும். பிடித்து இழுக்காதீர்கள், மஞ்சள்கரு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.